எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் குடல் புற்று, ஆசனவாய்ப் புற்று: கிருமித்தொற்றுக்கு என்ன பங்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை எடுப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதப்பட்ட பதில்கள் இவை. நாள்பட்ட பேதி, மலத்தில் ரத்தம், ஆசனவாயில் கட்டி என்று எது வந்தாலும் ‘எச்.ஐ.வி. இருக்கிறதே, அதனால்தான்’ என்றோ, ‘மூலம்தான்’ என்றோ முடிவு கட்டிவிடுவது வழக்கமாக இருக்கிறது. இப்படிப் பரிசோதிக்காமலே எடுக்கும் முடிவால் குணமாக்கக்கூடிய புற்று முற்றிப்போகிறது. மறுபக்கம், மாத்திரையில் தீரக்கூடிய தொற்றைப் புற்று என்று பயந்து, தேவையில்லாத அறுவை சிகிச்சை வரை போகிறவர்களும் உண்டு. இரண்டையும் தவிர்க்கலாம்.

எச்.ஐ.வி. இருந்தால் பெருங்குடல் புற்று அதிகம் வருமா?

வழக்கமான பெருங்குடல் புற்று, அதாவது குடலின் உள்சவ்வுச் சுரப்பிகளில் தோன்றும் அடினோகார்சினோமா, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூடுதலாக வருவதாகத் தெளிவான சான்று இல்லை. அமெரிக்காவில் புற்றுநோய்ப் பதிவேடுகளையும் எச்.ஐ.வி. பதிவேடுகளையும் இணைத்துச் செய்த பெரிய ஆய்வுகளில் இதன் அளவு பொதுமக்களைவிடக் கூடவில்லை. ஆனால் புற்று வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரிழப்பு அதிகம். தாமதமாகக் கண்டுபிடிப்பதும் முழுச் சிகிச்சை கிடைக்காமல் போவதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

குடல் பாதையில் உண்மையாகவே கூடுவது வைரஸால் வரும் புற்றுகள். எச்.பி.வி. வைரஸ் ஆசனவாயிலும், மலக்குடலின் கீழ்ப்பகுதியிலும் ஸ்குவாமஸ் வகைப் புற்றை உண்டாக்குகிறது. எப்ஸ்டைன்-பார் வைரஸோடு தொடர்புள்ள லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று குடலிலும் ஆசனவாய் அருகிலும் வரலாம். மனித ஹெர்பிஸ் வைரஸ் 8 கபோசி சார்கோமாவுக்குக் காரணம், அது குடலுக்குள்ளும் பரவும். ஆகவே ‘குடலில் கேன்சர்’ என்று சொல்லக் கேட்டால் அதோடு நின்றுவிடாதீர்கள். எந்த வகை என்று பயாப்சி (திசுத் துண்டுச் சோதனை) ரிப்போர்ட்டில் பாருங்கள். சிகிச்சை முழுக்க அதைப் பொறுத்தே மாறும்.

அப்படியானால் சாதாரணப் பெருங்குடல் புற்றைப் பற்றி நான் கவலைப்பட வேண்டாமா?

வயது இருக்கிறதே! இந்தியாவில் இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அன்று முப்பது வயதில் மாத்திரை ஆரம்பித்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். பெருங்குடல் புற்று வரும் வயதுக்கு அவர் உயிரோடும் நலத்தோடும் வந்து சேர்ந்திருப்பதே அந்தச் சிகிச்சையின் வெற்றி. ஆனால் மற்ற எல்லோருக்கும் அந்த வயதில் உள்ள ஆபத்து இவருக்கும் உண்டு. புகை, மது, உடல் பருமன், சர்க்கரை நோய், குடும்பத்தில் குடல் புற்று ஆகியவை இருந்தால் இன்னும் கூடும்.

பாக்டீரியாவால் பெருங்குடல் புற்று வரும் என்கிறார்களே, உண்மையா?

‘இந்தக் கிருமி வந்தால் புற்று வரும்’ என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது. தொடர்பு வலுவாக உள்ளவை சில உண்டு. ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற வாய்க்கிருமி, பெருங்குடல் கட்டிகளுக்குள் அதிக அளவில் காணப்படுகிறது. இ.கோலையில் ஒரு வகை கோலிபாக்டின் என்ற நச்சைச் சுரந்து செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. அது விட்டுச்செல்லும் தனித்த தடம் சில பெருங்குடல் புற்றுகளில் கிடைத்திருக்கிறது. இவற்றுக்காக ஆன்டிபயாடிக் எடுப்பதில் பயன் இல்லை, எடுக்கவும் கூடாது.

நடைமுறையில் நினைவில் வைக்க வேண்டியது வேறொன்று: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கல்லோலைட்டிகஸ். பழைய ரிப்போர்ட்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்று இருக்கும். காய்ச்சலுக்காக எடுத்த பிளட் கல்ச்சரிலோ (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) இதய வால்வுத் தொற்றிலோ இந்தக் கிருமி வந்தால், காய்ச்சல் தணிந்த பிறகு கட்டாயம் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்ய வேண்டும். குடலில் பாலிப்போ (சிறு சதை வளர்ச்சி) புற்றோ இருந்து, அந்த வழியாகக் கிருமி ரத்தத்தில் நுழைந்திருக்கக்கூடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆன்டிபயாடிக் விவரம் மட்டும் இருந்து கொலோனோஸ்கோபி பற்றி ஒன்றும் இல்லையென்றால், நீங்களே கேளுங்கள்.

புற்று போலவே தோற்றம் காட்டும் தொற்றுகள் எவை?

நம் ஊரில் மிக முக்கியமான கேள்வி இது.

முதலில் குடல் காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வலது அடிவயிற்றில்தான் பெரும்பாலும் வரும். எடை குறையும், மாலைக் காய்ச்சல் இருக்கும், வயிற்றைத் தொட்டால் கட்டி தட்டுப்படும், சி.டி. ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருக்கும். அதே இடத்தில் வரும் புற்றும் இதே அறிகுறிகளைத் தரும். கொலோனோஸ்கோபியில் குறுக்குவாட்டில் ஓடும் புண்ணும், இரு குடலும் சேரும் இடத்தில் வாய் பிளந்து நிற்கும் இலியோசீக்கல் வால்வும் காசநோயைக் காட்டும். ஆனால் பார்வையை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. புண்ணின் ஓரத்திலிருந்து ஆறு முதல் எட்டுத் துண்டுகளாவது எடுக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. எடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுகிறார்கள். ஃபார்மலின் காசநோய்க் கிருமியைக் கொன்றுவிடும், அதன்பின் கல்ச்சர் செய்ய வழியில்லை. சில துண்டுகள் ஃபார்மலினில் பயாப்சிக்கும், சில துண்டுகள் நார்மல் சலைனில் ஜீன்எக்ஸ்பெர்ட், கல்ச்சர் சோதனைகளுக்கும் போக வேண்டும். ஸ்கோப்பி தொடங்கும் முன்பே, ‘டி.பி. கல்ச்சருக்கும் தனியாக அனுப்புவீர்களா, டாக்டர்?’ என்று கேட்டுவைப்பது நல்லது. காசநோய் என்று சிகிச்சை தொடங்கினால், சுமார் இரண்டு மாதத்தில் மறுபடி ஸ்கோப்பி பார்த்து, புண் ஆறுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். ஆறவில்லை என்றால் முதல் முடிவையே திரும்ப யோசிக்க வேண்டும்.

அடுத்தது சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி. பெரும்பாலும் சி.டி.4 (நோய் எதிர்ப்புச் செல்) எண்ணிக்கை 50-க்குக் கீழே போனவர்களுக்கே வரும். ரத்தப்பேதி, கடுமையான வயிற்றுவலி, ஆழமான புண்கள் இருக்கும். சில சமயம் கட்டி போலவே திரண்டு நிற்கும். குடல் ஓட்டையாகும் ஆபத்தும் உண்டு. சிலருக்கு வலப்பக்கப் பெருங்குடலில் மட்டும் இருக்கும் என்பதால், கீழ்ப்பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபி இதைத் தவறவிடும். பயாப்சியில் உறுதியானால் கான்சைக்ளோவிர் ஊசி தொடங்குவார்கள். சிகிச்சை பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம் வரை நீளும்.

அமீபா தொற்று நாள்பட்டால் பெருங்குடலின் தொடக்கப் பகுதியில் அமீபோமா என்ற கட்டியாகத் திரளும். மெட்ரோனிடசோலும், அதன்பின் குடலுக்குள் தங்கும் அமீபாவை அழிக்க டைலாக்சனைடு போன்ற மருந்தும் கொடுத்தால் கரைந்துவிடும். கரைந்ததா என்று திரும்பப் பார்க்க மறக்கக் கூடாது.

மலக்குடலில் கட்டி, சுருக்கம், சீழ், ரத்தம் என்று வந்தால் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். ஆசனவாய் வழி உறவில் தொற்றும் கிளமீடியாவின் ஒரு வகை, எல்.ஜி.வி., மலக்குடல் புற்று போலவே தெரியும். டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இரண்டு வேளை, 21 நாள் எடுத்தால் குணமாகும். சிஃபிலிஸும் இப்படி ஏமாற்றும். உறவு முறையைப் பற்றி மருத்துவரிடம் மறைத்தால் இந்த வழியில் யோசிக்கவே அவருக்குக் காரணம் இருக்காது. கூச்சமாக இருந்தால் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஒரு மாதமாக லூஸ் மோஷன் போகிறது. என்ன பரிசோதனை?

சி.டி.4, வைரல் லோடு (ரத்தத்தில் எச்.ஐ.வி. அளவு) இரண்டும் பாருங்கள். மலத்தை வெவ்வேறு நாட்களில் மூன்று முறை கொடுங்கள், ஒரே நாளில் மூன்று டப்பா கொடுத்தால் பயனில்லை. சாதாரண ‘மோஷன் டெஸ்ட்’டில் கிரிப்டோஸ்போரிடியம், சிஸ்டோஐசோஸ்போரா என்ற ஒட்டுண்ணிகள் தெரியாமல் போகலாம். அதற்கு மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட் சாயம் என்று சீட்டில் தனியாக எழுதியிருக்க வேண்டும். அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் சி.டிஃபிசில் நச்சுச் சோதனையும் சேரும். இவற்றில் எதுவும் வராமல் பேதி தொடர்ந்தால், அல்லது ரத்தம், காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால் அடுத்தது ஸ்கோப்பி.

வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில், சி.டி.4 500-க்கு மேல் இருப்பவருக்கு ஐம்பது வயதில் திடீரென்று மலப்பழக்கம் மாறினால், எதிர்ப்புச் சக்தி குறையும்போது வரும் சந்தர்ப்பவாதத் தொற்றைத் தேடி மாதங்களைக் கழிக்க வேண்டாம். அவருக்குப் புற்றையும் பாலிப்பையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரத்தம் போகிறது. மூலம்தானே?

மூலமாகவும் இருக்கலாம். விரல் பரிசோதனையும் ப்ராக்டோஸ்கோபியும் (ஆசனவாய்க்குள் சிறு குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யாமல் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. மூலம் இருப்பது தெரிந்தாலும், அதற்கு மேலே புற்று இல்லை என்று அர்த்தமில்லை.

‘ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம் குணம்’ என்று பலகை வைத்த இடங்களில், பார்க்காமலே ஊசி போடுவதும், காரமான மருந்து வைத்துக் கட்டியைக் கருக்குவதும் நடக்கிறது. ஆசனவாய்ப் புற்றை இப்படிக் கருக்கினால் மேலே ஆறி உள்ளே வளரும், பயாப்சியும் குழம்பிப்போகும். நாற்பதைத் தாண்டியவருக்கு ரத்தம் போனால், அல்லது எந்த வயதிலும் ரத்தத்தோடு எடைக்குறைவு, ரத்தசோகை, மெலிந்து வரும் மலம், போய்வந்தும் தீராத உணர்வு இருந்தால் கொலோனோஸ்கோபி தேவை. ஆசனவாயில் ஆறாத புண், கடினமான தடிப்பு, தொடையிடுக்கில் நெறிகட்டி இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஏ.ஆர்.டி.யோடு சேர்த்து எடுக்கலாமா?

இதைத் தெரியாமல் வைரல் லோடு ஏறிப்போனவர்கள் உண்டு என்பதால் விரிவாகச் சொல்கிறோம். இப்போது பெரும்பாலானோர் எடுக்கும் டி.எல்.டி. மாத்திரையில் டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெகிராவிர் 50 மி.கி. இருக்கின்றன. இரும்பு, கால்சியம் இரண்டும் குடலிலேயே டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாமல் செய்யும்.

சாப்பாட்டோடு எடுப்பதாக இருந்தால் டி.எல்.டி.யையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்தே விழுங்கலாம். வெறும் வயிற்றில் என்றால் இரும்பு மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்பு, அல்லது 6 மணி நேரம் கழித்து டி.எல்.டி. எடுக்க வேண்டும். இரும்பைக் காலை உணவுக்குப் பின், டி.எல்.டி.யை ராத்திரி என்று பிரித்துவிட்டால் குழப்பமே இல்லை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஜெலுசில் போன்ற மருந்துகளுக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது. அவற்றுக்கு எப்போதும் அந்த 2 மணி, 6 மணி கணக்குதான்.

இன்னொன்று. ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகை வந்தால், ரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். ‘எச்.ஐ.வி.யால் ரத்தம் குறைவு’ என்று மாத்திரையோடு அனுப்பிவிட்டால் போதாது. ஜிடோவுடின் மாத்திரையாலும் ரத்தசோகை வரும், ஆனால் அதில் சிவப்பணு பெரிதாக இருக்கும். இரும்புக் குறைவில் சிறிதாக இருக்கும். ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்ற எண்ணைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஆசனவாய்ப் புற்று ஆபத்து எவ்வளவு? யாருக்கு?

பொதுமக்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர், இருவருக்கு வரும் அரிய நோய். உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் இது லட்சத்துக்குச் சுமார் 85, எச்.ஐ.வி. உள்ள மற்ற ஆண்களில் சுமார் 32, பெண்களில் சுமார் 22. கருப்பைவாயில் எச்.பி.வி. பாதிப்பு இருந்த பெண்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆசனவாய் வழி உறவே இல்லாதவர்களுக்கும் எச்.பி.வி. அங்கே பரவலாம். ஆகவே இந்த நோய் வந்தவரின் ஒழுக்கத்தை யாரும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

காரணம் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸின் 16-ஆம் வகை. உடலில் டி-செல்கள் வலுவாக இருந்தால் இந்த வைரஸைப் பெரும்பாலும் துரத்திவிடும். சி.டி.4 நெடுங்காலம் தாழ்ந்திருந்தவர்களிடம் அது தங்கி, செல்களை மெல்ல மாற்றுகிறது. ஏ.ஆர்.டி. தொடங்கி சி.டி.4 ஏறினாலும், முன்பே மாறிவிட்ட செல்கள் தானாகத் திரும்புவதில்லை. அதனால்தான் வைரல் லோடு கட்டுக்குள் உள்ளவர்களுக்கும் பரிசோதனை வேண்டும்.

அதைப் புற்றாகும் முன்பே பிடிக்க முடியுமா?

முடியும். 2022-ல் வெளியான ஆங்கர் ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 4,450 பேரைப் பிரித்து, முற்றிய முன்நிலை மாற்றங்களை ஒரு பிரிவினருக்கு உடனே அகற்றினார்கள், மற்றவர்களைக் கண்காணித்தார்கள். அகற்றியவர்களிடம் ஆசனவாய்ப் புற்று 57 சதவீதம் குறைந்தது.

பன்னாட்டு வழிகாட்டுதல்படி, எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் 35 வயதிலிருந்து, எச்.ஐ.வி. உள்ள மற்ற எல்லோருக்கும் 45 வயதிலிருந்து பரிசோதனை தொடங்க வேண்டும். ஆசனவாயில் சிறு பஞ்சுக்குச்சியைச் சில அங்குலம் நுழைத்து, சுழற்றியபடியே மெல்ல வெளியே எடுப்பார்கள். முந்தைய 24 மணி நேரம் எனிமா, ஆசனவாய் வழி உறவு கூடாது. விரல் பரிசோதனைக்கு முன்பே குச்சியை எடுக்க வேண்டும், ஜெல் பட்டுவிட்டால் செல்கள் சரியாகத் தெரியாது. மாற்றம் தெரிந்தால் உருப்பெருக்கியோடு உள்ளே பார்த்து, அசிட்டிக் அமிலம் தடவி, வெளுக்கும் இடத்தில் பயாப்சி எடுப்பார்கள்.

இந்த உருப்பெருக்கிப் பரிசோதனை எட்டாத ஊர்களில் குச்சிச் சோதனையை மட்டும் செய்துவைப்பதால் பலனில்லை. ஆண்டுக்கு ஒருமுறை விரல் பரிசோதனை போதும், ஆனால் அதைத் தவறாமல் செய்ய வேண்டும். கையுறையிட்ட விரலால் ஆசனவாய் முழுச் சுற்றையும் தடவி, கடினமான இடம் உண்டா என்று பார்க்க ஒன்றிரண்டு நிமிடமே ஆகும், செலவும் இல்லை. ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஆண்டு வைரல் லோடுக்குப் போகும் மாதத்திலேயே இதையும் கேட்டு வாங்குங்கள்.

எச்.பி.வி. தடுப்பூசி இப்போது போட்டால் பயன் உண்டா?

26 வயது வரை கட்டாயம் பரிந்துரைக்கிறோம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மூன்று ஊசி: முதல் நாள், 1-2 மாதத்தில், 6-ஆம் மாதத்தில். ஏற்கெனவே உள்ள தொற்றையோ மாற்றத்தையோ தடுப்பூசி குணப்படுத்தாது. 27 முதல் 45 வரை மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம்.

அறிகுறியே இல்லை. பெருங்குடலுக்கு எப்போது பரிசோதனை?

இந்திய அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பு, கருப்பைவாய் ஆகியவற்றுக்கே. பெருங்குடலுக்கு நீங்களாகத்தான் கேட்டுச் செய்ய வேண்டும். 45 வயதில் தொடங்கலாம், எச்.ஐ.வி.க்காக அதற்கு முன்பே தொடங்க அவசியமில்லை. பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது இளவயதில் குடல் புற்று வந்திருந்தால் 40-லோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்தியதோ அப்போது.

ஆண்டுக்கு ஒருமுறை, மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைத் தேடும் ஃபிட் என்ற மலச்சோதனை, அல்லது பத்தாண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி. ஃபிட்டுக்கு உணவுக் கட்டுப்பாடு இல்லை. மலம் தண்ணீரில் விழக் கூடாது, எனவே இந்தியக் கழிப்பறையில் சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்து, குச்சியால் நான்கைந்து இடங்களில் தொட்டு எடுத்துக் குழாயில் போட வேண்டும். மாதவிடாய் நாட்களிலும், மூலத்தில் ரத்தம் கசியும் நாட்களிலும் எடுக்க வேண்டாம். ‘பாசிட்டிவ்’ வந்தால் சோதனையைத் திரும்பச் செய்து சமாதானம் தேடக் கூடாது. அடுத்த படி கொலோனோஸ்கோபி மட்டுமே.

கொலோனோஸ்கோபிக்குக் குடல் சுத்தம் செய்யும்போது டி.எல்.டி.யை என்ன செய்வது?

நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். பேதி மருந்து குடிக்கத் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் விழுங்கிய மாத்திரை அடித்துச் செல்லப்படலாம். சில பேதி மருந்துகளில் மெக்னீசியமும் உண்டு. மாலை 6 மணிக்கு முதல் பாதி மருந்து என்றால், ராத்திரி 9 மணிக்கு எடுக்கும் டி.எல்.டி.யை அன்று மட்டும் மாலை 4 மணிக்கே எடுத்துவிடுங்கள். மறுநாள் வழக்கமான நேரம்.

சோடியம் ஃபாஸ்பேட் கலந்த பேதி மருந்து வேண்டாம். டெனோஃபோவிர் எடுப்பவரின் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. பி.இ.ஜி. பொடி பாதுகாப்பானது. முந்தைய நாள் கீரை, விதையுள்ள காய்கறி, கொய்யா, மாதுளை இல்லாமல் இட்லி, ரசம் சாதம் போல எளிதாகவும், பேதி மருந்து தொடங்கியபின் இளநீர், வடித்த கஞ்சித்தண்ணீர், பால் விடாத டீ போலத் தெளிவாகவும் இருக்கட்டும். சிவப்பு நிறப் பானம் கூடாது, உள்ளே ரத்தம் போலத் தெரியும். ரிட்டோனாவிர் கலந்த மாத்திரை எடுப்பவர் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும், மிடாசோலம் உடலில் நெடுநேரம் தங்கி மூச்சைத் தாழ்த்தும்.

எச்.ஐ.வி. என்று சொன்னால் ஸ்கோப்பி செய்ய மறுப்பார்களோ?

மறுக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை மறுப்பது, ஒப்புதல் இல்லாமல் நிலையை வெளியில் சொல்வது இரண்டையும் அது தடை செய்கிறது. மாநிலக் குறைதீர் அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம், 1097 இலவச எண்ணில் வழி கேட்கலாம். ஸ்கோப்பை ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு ஒரே முறையில்தான் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். ‘உங்களைக் கடைசியாகத்தான் எடுப்போம்’ என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

புற்று என்று உறுதியாகிவிட்டது. எச்.ஐ.வி.யால் சிகிச்சையைக் குறைப்பார்களா?

வைரஸ் கட்டுக்குள் இருந்தால் மற்றவர்களுக்கு உள்ள அதே அளவு, அதே சிகிச்சை. பெருங்குடல் அடினோகார்சினோமாவுக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டால் கீமோவும். ஆசனவாய் ஸ்குவாமஸ் புற்றுக்கு முதலில் அறுவை சிகிச்சை இல்லை. கதிர்வீச்சு, அதாவது ஊரில் சொல்லும் ‘கரண்ட்’, அதோடு 5-எஃப்.யூ., மைட்டோமைசின் என்ற கீமோ மருந்துகள். பலருக்கு ஆசனவாய் காப்பாற்றப்படுகிறது. கட்டி மெதுவாகவே கரையும். தொடங்கியதிலிருந்து 26 வாரம் வரைகூடக் கரையலாம் என்பதால், அது தொடர்ந்து சுருங்கிவரும் வரை அவசரப்பட்டு வெட்டக் கூடாது.

ஏ.ஆர்.டி.யை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. டி.எல்.டி.யோடு கேப்சிடபின், ஆக்சாலிபிளாட்டின் ஆகிய கீமோ மருந்துகள் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஜிடோவுடின் எடுப்பவருக்குக் கீமோவோடு சேர்ந்து ரத்த அணுக்கள் சரியும், மாற்ற வேண்டும். அட்டசனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவருக்கு இரினோடெக்கான் என்ற கீமோ மருந்து உடலில் தேங்கி ஆபத்தான பேதியை உண்டாக்கும். ஹெபடைடிஸ் பி-யும் இருப்பவருக்கு டி.எல்.டி.யே அதற்கும் மருந்து. கீமோ நடக்கும்போது அதை விட்டால் கல்லீரல் பாதிப்பு கிளம்பிவிடும். டோலுடெகிராவிர் கிரியேட்டினினைச் சற்று உயர்த்திக் காட்டும், சிறுநீரகம் கெட்டதால் அல்ல. இதை அறியாமல் கீமோ அளவைக் குறைத்துவிடுவதுண்டு.

கீமோவிலும் இடுப்புக் கதிர்வீச்சிலும் சி.டி.4 இறங்கும். 350-க்குக் கீழே போனால் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் தினமும் வேண்டும், இறங்கும் என்று எதிர்பார்த்தால் முன்கூட்டியே தொடங்குவார்கள். ஏ.ஆர்.டி. மருத்துவரின் எண்ணைப் புற்றுநோய் மருத்துவரிடமும், கீமோ மருந்துப் பட்டியலை ஏ.ஆர்.டி. மையத்திலும் முதல் ஊசிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.